தவிட்டோடு போகும் சத்து

"மூணு வேளையும் சோறு சாப்பிட்டும் உடம்புல தெம்பில்லையே, டாக்டர்?" தஞ்சைப் பக்கத்தில் பலரும் கேட்பது இது. நெல் நல்லதுதான், பளபளவென்று தீட்டும்போது தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடுகிறது.

இது குறைந்தால் வருவது 'பெரிபெரி'. கால் மரக்கும், இதயம் பலவீனமாகும். 1918-ல் குன்னூரில் மெக்காரிசன் இந்நோயை ஆராயத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி அதிகம். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிது. காரணம், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும்.

அதிகம் தீட்டாத புழுங்கலரிசியே வாங்குங்கள். பலமுறை களையாதீர்கள். வடிகஞ்சியைக் கொட்டாமல் மோர் விட்டுக் குடியுங்கள். பருப்பும் கீரையும் கட்டாயம் வேண்டும். சர்க்கரை உள்ளவர்களே, புழுங்கலும் மாவுச்சத்துதான். கஞ்சி வேண்டாம், சோற்றையும் அளவோடு வையுங்கள். கால் மரத்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.