எலிமினேட்டர் எதை ஒழித்தது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை எனக்கு. மேசைமேல் இருக்கும் பவர் சப்ளையை எங்கள் சூப்பர்வைசர் இன்னமும் ‘எலிமினேட்டர்’ என்றுதான் சொல்கிறார். பிளஸ் டூ பிராக்டிகலிலும் அதே பெயர்தான். அது எதை எலிமினேட் செய்கிறது?
- வாசகி, கொரட்டூர்

பதில்: பேட்டரியை. முழுப்பெயர் ‘பேட்டரி எலிமினேட்டர்’. நாளடைவில் முன்பாதி உதிர்ந்துவிட்டது.

1920-களில் வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டில் ரேடியோவைவிட பேட்டரிகளுக்குத்தான் இடம் அதிகம். வால்வின் இழையைச் சூடாக்க ஒன்று, அது ‘ஏ’. தகட்டுக்கு 45, 90 வோல்ட் கொடுக்க இன்னொன்று, ‘பி’. கிரிட்டுக்கு ‘சி’. இதில் ‘ஏ’ பேட்டரி, ஆசிட் ஊற்றிய கார் பேட்டரி மாதிரி. இறங்கிப்போனால் சார்ஜ் போடக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வழியில் சொட்டினால் வேட்டியில் ஓட்டை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

சுவர் பிளக்கிலிருந்தே அந்த வோல்ட்டுகளை எடுத்துக் கொடுக்க ஒரு பெட்டி வந்தது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், சோக்கு, கண்டென்சர். பேட்டரியை வீட்டைவிட்டு ஒழித்ததால் அந்தப் பெயர். 1928 செப்டம்பரில் சிகாகோவில் பால் கால்வினும் சகோதரர் ஜோசப்பும் தொடங்கிய கம்பெனியின் முதல் சரக்கு இதுதான். திவாலான ஒரு பேட்டரி கம்பெனியின் எலிமினேட்டர் பிரிவை 750 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். ஆனால் டொராண்டோவில் எட்வர்ட் ராஜர்ஸ் 1925-லேயே நேராக ஏசியில் ஓடும் ரேடியோவைக் கொண்டுவந்துவிட்டார். அந்த வகை பரவப்பரவ எலிமினேட்டர் விற்பனை படுத்தது. கால்வின் சகோதரர்கள் கார் ரேடியோவுக்கு மாறினார்கள். 1930-ல் அதற்கு வைத்த பெயர் மோட்டோரோலா. ரேடியோக்காரர்கள் மறந்த சொல்லை நம் பள்ளி ஆய்வகங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

எனக்குப் பிடித்த பெயர்தான், ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. பேட்டரி எழுந்துபோன இடத்தில் 230 வோல்ட் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னால் சிவப்பு, கறுப்பு முனைகளில் 12 வோல்ட்டைத் தினமும் தொட்டுப் பழகிய கை, மூடியைக் கழற்றிய பிறகும் அதே பழக்கத்தில் உள்ளே போகிறது. அங்கே ஒரு சாண் தூரத்தில் வீட்டு மின்சாரம் நிற்கிறது. பல மாடல்களில் மெயின்ஸ் ஒயர் பின்பக்கம் நுழைந்து, பெட்டி நெடுக ஓடி, முன்பக்க சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சை அணைத்தாலும் அதுவரை உள்ள ஒயரில் கரெண்ட் இருக்கும். அதனால் மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். பக்கத்து மேசைக்காரர் தன் வேலைக்காக அதைத் திரும்பச் சொருகிவிடக் கூடாது.

கேள்வி: பிளக்கைப் பிடுங்கியும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடவேண்டும் என்கிறார் எங்கள் லேப் அண்ணன். கரெண்ட்தான் போய்விட்டதே?
- டிப்ளமோ மாணவர், ஆவடி

பதில்: அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். இந்தக் கதை 1740-களில் ஆரம்பிக்கிறது. ஹாலந்தின் லெய்டன் நகரில் பீட்டர் வான் முஷென்புரூக் கண்ணாடிச் சீசாவில் தண்ணீர் ஊற்றி அதில் மின்சாரத்தை ஏற்றினார். ஏற்றும் கருவியை நிறுத்திய பிறகும் சீசா அதைப் பிடித்து வைத்திருந்தது, தொட்டவரைத் தூக்கிப் போட்டது. பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை அந்த அடியை வாங்கமாட்டேன் என்று அவர் எழுதினார். அந்தச் சீசாவின் வாரிசுதான் உங்கள் பெட்டிக்குள் குட்டி டப்பா போல நிற்கும் கப்பாசிட்டர்.

எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) வகையில் 230 வோல்ட்டை முதலில் அப்படியே டிசி ஆக்குவார்கள். அது ஏறக்குறைய 325 வோல்ட். மெயின் கப்பாசிட்டர் அதைத் தேக்கி வைக்கும். இறக்கிவிட ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், அது எரிந்துபோயிருந்தால் தேங்கியது தேங்கியபடி இருக்கும். மெயின் போர்டில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பரும் இதில் உதவாது. பிளக் வெளியே வந்தபின் அதற்கு எதுவும் தெரியாது.

ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்து ‘டப்’ என்று இறக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முனை உருகித் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, கப்பாசிட்டருக்கும் கேடு. 10 கிலோ ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, இரண்டு பக்கமும் நல்ல இன்சுலேஷன் உள்ள புரோப் ஒயர் சாலிடர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு லேபில் மாட்டிவையுங்கள். 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் என்றால் 15 வினாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பார்த்து, பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால்தான் கை வைக்கவேண்டும். மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்பதை முன்பும் பின்பும் ஒரு பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். ஒரு கை வேலை செய்யட்டும், இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். ஷாக் அடித்தாலும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் பாய வழி இருக்காது.

கேள்வி: மூன்று பின் பிளக்கில் மேல் பின் மட்டும் ஏன் குண்டாக, நீளமாக இருக்கிறது?
- வாசகர், பூந்தமல்லி

பதில்: நம் உருண்டைப் பின் பிளக் 1934-ல் வந்த பிரிட்டிஷ் தரத்தின் வழிவந்தது. இங்கே ஐ.எஸ். 1293 என்ற தரம் அதை வைத்துக்கொண்டது. எர்த் பின் நீளமாக இருப்பதால் சொருகும்போது அதுதான் முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் பிரியும். குண்டாக இருப்பதால் ஃபேஸ் ஓட்டையில் தவறி நுழையாது. மூடி வைத்த சாக்கெட்டில் உள்ளே இருக்கும் தடுப்பைத் திறப்பதும் அதுவே. அந்த மேல் ஓட்டையில் பேனா ரீஃபிலைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் சொருகும் வித்தை எல்லா ஊரிலும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

‘பாடியில லேசா கூசுது’ என்று பட்டறையில் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ் சப்ளையில் மெயின்ஸுக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே குட்டிக் கப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை வழியாகக் கசிவதுதான் கையில் கூசுகிறது. கூசினால் எர்த் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நாளைக்கு ஃபேஸ் ஒயரே உள்ளே உரசினால் அது கூச்சத்தோடு நிற்காது. முன்பலகையில் பச்சை முனை இருந்தால் அது இந்த எர்த்தோடு சேர்ந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதிலிருந்து மேல் பின் வரை மீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். பீப் வரவில்லையென்றால் பவர் கார்டை மாற்றவேண்டும். அது சரியாக இருந்தும் கூசினால் சுவர் பக்கம் பார்க்கவேண்டும். கட்டடத்துக்கு வெளியே கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி, சித்திரை வெயிலில் வறண்டு கிடக்கும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

கேள்வி: கண்ணாடி ஃபியூஸில் ‘டி’, ‘எஃப்’ என்று எழுத்து இருக்கிறதே?
- வாசகர், அயப்பாக்கம்

பதில்: இரண்டும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்து. ‘ட்ரேக’ என்றால் மந்தம், ‘ஃபிளிங்க்’ என்றால் வேகம். டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சு போட்டவுடன் ஒரு கணம் அதிகமாக இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள மந்தமானது வேண்டும். எந்த எழுத்து, எத்தனை ஆம்பியர் என்பது ஃபியூஸ் மாட்டும் இடத்தின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

ஃபியூஸுக்குப் பள்ளிப் புத்தகம் வைத்த ‘உருகி’ என்ற பெயர்தான் எனக்கு ஆங்கிலத்தைவிடப் பிடிக்கும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றினாலோ, செப்பு இழையை முறுக்கி வைத்தாலோ அது உருகாது. அதற்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் உருகும். புதிதாகப் போட்ட ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவதைப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரெக்டிஃபையர் டயோடிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.