கடலை மிட்டாயில் ஒரு கான்கிரீட் பாடம்

பொருள்களின் வலிமையை விளக்க நம் மாவட்டத்தில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1966இல் கட்டப்பட்ட இந்தக் கான்கிரீட் பாலம், பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 28 தூண்கள் தாங்க நீரைக் கொண்டு செல்கிறது. இதை ஒன்பதாம் வகுப்பில் கூறியபோது கொத்தனாரின் மகள் ஒருத்தி கேட்டாள்: "சிமென்ட் காயத்தானே சார் வேணும்? பொறவு அப்பா எதுக்கு ஏழு நாளு தண்ணி ஊத்துதாவ?"

சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அவ்வினையில் உண்டாகும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் பசைதான் மணலையும் சல்லியையும் பிணைக்கிறது. ஈரம் வற்றினால் வினை நின்றுவிடும்.

150 மி.மீ. கனசதுரத்தை 28ஆம் நாளில் நொறுக்கும் வழக்கமான சோதனை, கலவை முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தருகிறது. பசையை மட்டும் அளக்க நானோ அழுத்தச் சோதனை உதவுகிறது. மெருகேற்றிய சிமென்ட் பரப்பில் மிகச் சிறிய வைரமுனையைச் சில நூறு நானோமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவார்கள். தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர்! அந்தத் தடம் கண்ணுக்குத் தெரியாது. எனவே விசையையும் ஆழத்தையும் கருவியே பதிவு செய்கிறது. முனையை விலக்கும்போது பரப்பு மீளும் விதத்திலிருந்து மீட்சிக் குணகத்தைக் கணக்கிடுவார்கள். ஆலிவர், ஃபார் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1992இல் வெளியிட்ட முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பசைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 ஜிகாபாஸ்கல் வரை கிடைக்கிறது. வினைபுரியாத சிமென்ட் துகளுக்கோ 100க்கும் மேல். முனை எதன்மீது படும் என்று முன்கூட்டியே தெரியாததால், கட்டமிட்டு நூற்றுக்கணக்கான புள்ளிகளில் அளக்கிறார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: குழுவுக்கு ஒரு சதுரக் கடலை மிட்டாய், குண்டூசி, அளவுகோல்.

1. மிட்டாயின் மேல் 5×5 கட்டத்தில் 25 புள்ளிகளைக் குறிக்கவும்.
2. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே அளவு விசையோடு ஊசியை மெல்ல அழுத்தவும்.
3. ஊசி இறங்கினால் 'கடலை', இறங்காமல் நின்றால் 'பாகு' என எழுதவும்.
4. இரண்டின் விழுக்காட்டையும் கண்டு, மற்றக் குழுக்களின் விடையோடு ஒப்பிடவும்.

என் வகுப்பில் ஒரு குழுவின் விடை மற்றொன்றோடு ஒத்துவரவில்லை. எல்லாக் குழுக்களின் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கலாம் என்று மாணவர்களே சொன்னார்கள். பல அளவீடுகள் ஏன் தேவை என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஊசி பட்ட மிட்டாயைத் தின்னக் கூடாது; தின்பதற்குத் தனியாக வாங்கி வைப்பது நல்லது.

தொடர்பணி: அருகில் நடக்கும் கட்டட வேலையில் புதிய பூச்சுக்கு எத்தனை நாள் நீர் ஊற்றுகிறார்கள், வெயிலில் ஏன் ஈரச் சாக்கு போர்த்துகிறார்கள் என்று மாணவர்கள் கேட்டு எழுதி வரட்டும்.