காலை முதல் சாயங்காலம் வரை நிற்கிற ஜனங்கள்



யாத்திராகமம் 18-ம் அதிகாரத்தை இந்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் வாசித்துப் பாருங்கள். மோசே நியாயம் விசாரிக்கிறார். ஜனங்கள் நாள் முழுவதும் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். பார்க்க வந்த மாமன் எத்திரோ, மருமகனுடைய உழைப்பைக் குறை சொல்லவில்லை. வேலை நடக்கிற விதத்தைத்தான் குறை சொன்னார். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை வையும், கடினமான காரியம் மட்டும் உம்மிடத்தில் வரட்டும் என்பது அவருடைய யோசனை. மோசே மட்டுமல்ல, ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று அவர் சொன்னதை நம் பிரசங்கங்களில் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

கீரனூருக்கு வைத்தியத்துக்கு வருகிற ஒரு தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தூர்ப் பக்கமோ குன்னாண்டார்கோவில் பக்கமோ ஒரு கிராமம். முதல் பஸ்ஸில் வருகிறார். சீட்டுப் போட ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, ரிசல்ட்டோடு மறுபடியும் டாக்டருக்கு ஒன்று, பணம் கட்ட ஒன்று, மருந்துக்கு ஒன்று. வைத்தியம் நடந்த நேரத்தை மட்டும் கூட்டினால் அரைமணிகூட வராது. அன்றைய கூலி போய்விட்டது. ஊருக்குப் போகிற பஸ்ஸும் தவறினால், அடுத்த மாதம் சர்க்கரை பார்க்க அவர் வருவாரா? வராமல் போனால், காலில் புண்ணோடுதான் பிறகு வருவார். காத்திருத்தல் வெறும் அசௌகரியம் அல்ல, அதுவும் ஒரு நோய்க் காரணம் என்று நான் சொல்லுவேன்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் இதை நிரூபித்தார். மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவர் எத்தனை மணி நேரம் தங்குகிறார் என்ற இரண்டையும் பெருக்கினால், சராசரியாக உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியும். மணிக்கு 20 பேர் வந்து ஒவ்வொருவரும் 3 மணி நேரம் தங்கினால், எப்போதும் 60 பேர் இருப்பார்கள். துணைக்கு வந்தவர்களையும் சேர்த்தால் 120. தங்கும் நேரம் 2 மணியாகக் குறைந்தால் நோயாளிகள் 40 பேர்தான். ஒரு செங்கல் வைக்காமலே வராந்தாவில் இடம் வந்துவிடுகிறது! காத்திருப்போர் கூடம் கட்டிக் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. வழி கோணலாயிருந்தால் கம்ப்யூட்டர் அந்தக் கோணலையே வேகமாக்கும். முதலில் வழியைச் செம்மைப்படுத்தியவர்களை நம் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டுவாதத்தினால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே கண்புரை ஆபரேஷன் செய்தார். அங்கே கண்டுகொண்ட காரியம் இது: சர்ஜனுடைய கை சும்மா இருக்கிற நேரமே பெரிய நஷ்டம். ஆகவே சர்ஜனுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியை ஆயத்தப்படுத்திவிடுவார்கள். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும். ஆயத்தப்படுத்துகிறவர்கள் யார்? பெரும்பாலும் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட இளம்பெண்கள். பார்வையை அளப்பதும் கண் அழுத்தம் பார்ப்பதும் அவர்கள் வேலை. டாக்டரால் மட்டுமே செய்யக்கூடியதே டாக்டரிடம் போகிறது. எத்திரோ சொன்ன ஏற்பாடு இதுதானே?

2000-களில்தான், அதே வழியின்மேல், இன்டர்நெட் வந்தது. தேனிப் பக்கத்துச் சிற்றூர்களிலுள்ள சிறு கண் மையங்களை ஆஸ்பத்திரியோடு இணைக்க, பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தூரம் எட்டும் வயர்லெஸ் இணைப்பு அமைத்தார்கள். மையத்துப் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்தே வீடியோவில் நோயாளியோடு பேசுவார். மருத்துவரைப் பார்க்க மட்டும் பஸ் ஏற வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாமற்போயிற்று. இப்படிப்பட்ட இடத்தில்தான் கருவி தன் விலைக்குப் பிரயோஜனப்படுகிறது.

இன்னொன்று மருந்து. 1994-ல் உண்டான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக மருந்து வாங்கிக் கிடங்குகளில் வைத்தது. கிடங்கு இருப்பைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. ஆனாலும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கப்பட்டது பாங்க் புத்தகம் போன்ற ஒரு பாஸ்புக்! ஒதுக்கப்பட்ட தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுக்கலாம். எடுத்தது அதில் பதிவாகும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன. எனக்கு அந்தப் பாஸ்புக் மிகவும் பிடிக்கும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது புரியும், மின்சாரம் போனாலும் வாசிக்கலாம்.

ஆகையால், செலவில்லாத வேலை முதலில். நோயாளி ஒருவரோடு கடிகாரமும் காகிதமுமாக ஒரு தொண்டர் கூடவே நடந்து, எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் என்று எழுதட்டும். பத்து நாள் எழுதினால் எந்த வாசலில் அடைத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். சில சமயம் பரிசோதனைச் சீட்டை டாக்டருக்கு முன்னரே நர்ஸ் எழுத அனுமதிப்பதே போதுமானதாயிருக்கும்.

போதகனாக நான் ஒன்றையும் விடமாட்டேன். காசநோய், எச்.ஐ.வி., மனநோய் என்று படுக்கையருகில் மெதுவாய்ச் சொல்லப்படுகிறவை, கம்ப்யூட்டர் வந்தபின் கவுண்டரில் நிற்கிற எல்லாருடைய கண்ணுக்கும் எட்டுகிற திரையில் நிற்கக்கூடாது. சிறிய ஊரில் ஒரு வார்த்தை பஸ் ஸ்டாண்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? தனி நபர் தகவல்களைக் காக்க 2023-ல் சட்டமும் வந்திருக்கிறது. ஒரு கம்பெனிக்காரர் மென்பொருள் விற்க வந்தால் விலைக்கு முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் யார் எதைப் பார்க்கலாம் என்று தனித்தனியே பூட்ட முடியுமா? கரண்ட் நின்ற நாளில், வரிசையில் நிற்கிற அந்தத் தாயாருக்கு எந்தச் சீட்டைக் கொடுப்போம்?