கடல் வண்ண மீன்களின் நோய்: கண்டறிதலும் தீர்த்தலும்

மகாராட்டிர மாநிலத்தில் புனே நகரை அடுத்துள்ள போசரி, தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற ஊர். சகாயத்திரி மலைத்தொடருக்குக் கிழக்கே, தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திற்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அது அமைந்துள்ளது. இத்தகைய உள்நாட்டு ஊரில் ஒருவர் கடல் மீன் வளர்க்க விரும்பினால், கடலையே கண்ணாடித் தொட்டிக்குள் ஆக்கிக்கொள்ள வேண்டியவராகிறார். நீர் பவனா ஆற்றிலிருந்து குழாய் வழியே வருகிறது. உப்பு பொட்டலத்தில் வருகிறது. மீனோ தொலைவிலுள்ள கடற்கரையிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைபட்டு வருகிறது. இம்மூன்றில் எதில் குறை நேர்ந்தாலும் அது மீனின் நோயாக வெளிப்படும்.

இது பொழுதுபோக்காளரின் கவலை மட்டுமன்று. நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறப்பவை. கடல் வண்ண மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிடையே பிடிக்கப்படுபவை. தொட்டியில் ஒரு மீன் இறந்தால், அதன் இடத்தை நிரப்பப் பாறையிலிருந்து மற்றொன்று பிடிக்கப்படுகிறது. ஆகவே நோயைச் சரியாகக் கண்டறிவது கடல் வளப் பாதுகாப்பின் ஒரு பகுதியும் ஆகும்.

கடல் மீனின் உடல் இயல்பு

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எலும்பு மீனின் உடல் நீர்மத்தில் உள்ள உப்பு இதில் மூன்றில் ஒரு பங்களவே. ஆதலால் கடல் மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியேறுகிறது. இந்த இழப்பை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. நன்னீர் மீனின் நிலை இதற்கு நேர்மாறானது.

இவ்வியல்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தோலிலோ செவுளிலோ புண் ஏற்பட்ட கடல் மீன், நீரில் இருந்துகொண்டே நீர் வறட்சியால் இறக்கக்கூடும். இரண்டாவதாக, நன்னீர் மீனுக்கு ஏற்ற மருத்துவம் கடல் மீனுக்குப் பொருந்த வேண்டுவதில்லை. நன்னீர் மீனின் வெண்புள்ளி நோய்க்கு நீரில் உப்பிடுவது பழைய வழக்கம். கடல் மீனின் வெண்புள்ளி நோய்க்கோ உப்பைக் குறைப்பதே ஒரு சிகிச்சை.

முதல் ஆய்வு நீருக்கே

மீன் சோர்ந்திருப்பதைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் தேடுவது பொதுவான தவறு. முதலில் சோதிக்க வேண்டியது நீர். சோதனை செய்யவேண்டியவை கீழ்க்காணும் ஐந்து:

1. அமோனியா. இது சிறிதும் இருத்தல் கூடாது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியங்கள் வடிகட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். புதுத் தொட்டியில் நேரும் இறப்புகள் பல இந்த இடைக்காலத்தில் நிகழ்பவை.

2. கார அமில நிலை. கடல் மீனுக்கு 8.1 முதல் 8.4 வரை ஏற்றது. இந்நிலை 7-லிருந்து 8-க்கு உயரும்போது அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது.

3. உப்புத்தன்மை. தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். தக்காணத்தின் வறண்ட கோடையில் இது விரைவாக நிகழும். குறைந்த நீரை உப்பு நீரால் அன்றி, குளோரின் நீக்கிய நன்னீராலேயே ஈடுசெய்தல் வேண்டும்.

4. வெப்பநிலை. 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை ஏற்றது. கடலோரத்தில் இரவு பகல் வேறுபாடு குறைவு. புனே வட்டாரத்தில் கோடைப் பகலும் குளிர்கால இரவும் மிகவும் வேறுபடும். வெப்பநிலை அலைக்கழிந்தால் மீனின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றும்.

5. கரைந்த உயிர்வாயு. 27 பாகை வெப்பத்தில், கடல் மட்டத்தில், நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கொள்ளும், கடல்நீர் 6.5 மில்லிகிராமே கொள்ளும். போசரியின் உயரத்தில் இந்த அளவு மேலும் சற்றுக் குறையும். மின்தடை நேரும்போது மின்கலத்தால் இயங்கும் காற்றுக் கருவி இருப்பது இன்றியமையாதது.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. கடலுப்பில் சோடியமும் குளோரைடும் ஏறத்தாழ 86 விழுக்காடு. எஞ்சியவை சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. இவை இன்றி மீன் நெடுநாள் வாழாது.

மேற்கூறிய ஆய்வில் குறை தென்பட்டால், நீரில் ஒரு பகுதியை மாற்றிச் சீர்செய்த பின்னரே மற்ற ஆய்வைத் தொடர வேண்டும். நீரால் வந்த துன்பத்தை மருந்து தீர்ப்பதில்லை, கூட்டவே செய்யும்.

மீனை நோக்கி அறிதல்

நீர் சீராக இருந்தும் மீன் நலமின்றி இருந்தால், அதன் நடத்தையையும் உடலையும் உற்றுநோக்க வேண்டும். உணவை மறுத்தல், பாறையில் உடலைத் தேய்த்தல், நீர்ப்பரப்பிலோ நீர் பாயும் குழாய் முன்னோ நிற்றல், துடுப்புகளை ஒடுக்குதல், செவுள் மூடி விரைந்து அசைதல் ஆகியவை பொது அறிகுறிகள். ஒரு நிமிடத்தில் செவுள் மூடி எத்தனை முறை அசைகிறது என்பதை நலமான நாளிலேயே எண்ணிக் குறித்து வைத்தால், நோய்க்காலத்தில் ஒப்பிட உதவும்.

உறுதியான முடிவுக்கு நுண்ணோக்கி வேண்டும். தோலின் மேலுள்ள கோழையைக் கண்ணாடித் தகட்டின் விளிம்பால் மெல்ல வழித்து, ஒரு துளி கடல்நீருடன் உடனே பார்க்க வேண்டும். கல்லூரி விலங்கியல் கூடத்திலுள்ள சாதாரண நுண்ணோக்கியே இதற்குப் போதுமானது. ஆய்வுக்கு உயிருடனுள்ள நோயுற்ற மீனே ஏற்றது. மீன் இறந்த சில மணி நேரத்தில் ஒட்டுண்ணிகள் பல அதை விட்டு நீங்கிவிடும்.

ஒத்த தோற்றமுடைய மூன்று நோய்கள்

கடல் மீன் தொட்டிகளில் பேரிழப்பை விளைவிக்கும் நோய்கள் மூன்று. மூன்றும் ஒருசெல் உயிரிகளால் வருபவை. எனினும் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாமற் போகலாம்.

வெண்புள்ளி நோய்: இதற்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் உயிரி. உடலில் உப்புத் துகள் தூவியதுபோல் தனித்தனி வெண்புள்ளிகள் தோன்றும். இவ்வுயிரி மீனின் மேல்தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை உண்டு வளரும். பின்னர் மீனைவிட்டு நீங்கித் தொட்டியின் அடியில் கூட்டுறை ஆகும். உறைக்குள் பலமுறை பிரிந்து, நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுயிரிகளை வெளியிடும். அவை ஓரிரு நாட்களுக்குள் மீனைப் பற்றாவிடில் இறந்துபடும்.

இச்சுழற்சியை அறியாமையே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்தது என எண்ணி மருந்தை நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கிப் பெருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் பன்மடங்காகத் திரும்பி வரும். புள்ளி மறைவது நலத்தின் அறிகுறி அன்று.

வெல்வெட் நோய்: அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்னும் உயிரியால் வருவது. இது முதலில் செவுளைத் தாக்கும். புள்ளிகள் மிக நுண்ணியவை. சாய்வான ஒளியில் பொன்னிறத் தூள் படிந்ததுபோல் தெரியும். பல வேளைகளில் தோலில் ஒன்றும் தெரியுமுன்பே மீன் மூச்சுத் திணறி இறந்துவிடும். மூன்றில் மிக விரைவாகக் கொல்வது இதுவே.

புரூக்லினெல்லா நோய்: கோமாளி மீன்களில் மிகுதியாகக் காணப்படுவது. தோலில் தடித்த வெண்கோழை திட்டுத் திட்டாகப் படர்ந்து உரியும். இது மீனிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகுவதால் நோய் விரைந்து முற்றும்.

சிகிச்சை முறை

சிகிச்சையைக் காட்சித் தொட்டியில் செய்யலாகாது. பாறையும் மணலும் இல்லாத தனித்தொட்டியிலேயே செய்ய வேண்டும். இதற்குக் காரணங்கள் இரண்டு. வெண்புள்ளி, வெல்வெட் நோய்களுக்குரிய முதன்மை மருந்தான செம்பு, இறால், நத்தை, பவளம் முதலியவற்றைக் கொல்லும். மேலும், சுண்ணாம்புச் சத்துள்ள பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி, நீரில் அதன் அளவைக் குலைத்துவிடும்.

நீரில் கரைந்த செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருத்தல் வேண்டும். இதனிற் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். மிகுந்தால் மீன் மடியும். மயில்துத்தத்தில் செம்பு ஏறத்தாழக் கால் பங்கு. ஆகவே 100 லிட்டர் நீரை 0.15 மில்லிகிராம் நிலைக்குக் கொணர, 15 மில்லிகிராம் செம்பு, அதாவது ஏறத்தாழ 59 மில்லிகிராம் தூய மயில்துத்தம் தேவை. இவ்வளவு சிறிய எடையை நேராக அளத்தல் அரிதாதலால், வாலைவடிநீரில் கரைசல் செய்து, பங்கிட்டு, இரண்டு நாட்களில் படிப்படியாகச் சேர்ப்பது முறை. வயலுக்குரிய மயில்துத்தத்தைப் பயன்படுத்தலாகாது. செம்பின் அளவை நாள்தோறும் சோதித்து, நான்கு வாரங்கள் நிலைநிறுத்த வேண்டும். செம்பு நீந்தும் குஞ்சுயிரிகளையே கொல்லும். தோலுக்கடியில் உள்ளவற்றையும் கூட்டுறையில் உள்ளவற்றையும் கொல்லாது. கால அளவு நீள்வது இதனாலேயே. வடிகட்டியில் கரி இருப்பின் அது செம்பை அகற்றிவிடும். சிகிச்சை முடியும்வரை கரியை எடுத்துவிட வேண்டும்.

உப்புத்தன்மையைப் படிப்படியாக லிட்டருக்கு 15 கிராம் அளவுக்குக் குறைத்து, மூன்று முதல் நான்கு வாரங்கள் வைத்திருப்பது வெண்புள்ளி நோய்க்கு மற்றொரு வழி. வெல்வெட் உயிரி குறைந்த உப்பையும் தாங்கும். ஆதலின் அந்நோய்க்கு இம்முறை பயனற்றது. புரூக்லினெல்லா செம்புக்கு அடங்குவதில்லை. அதற்குரியது பார்மலின் குளியல். பார்மலின் மனிதருக்கும் தீங்கானது; நீரின் உயிர்வாயுவையும் குறைக்கும். அதன் அளவை மீன் நோய் வல்லுநரே குறிக்க வேண்டும்.

மீன்கள் தனித்தொட்டியில் இருக்கும் காலத்தில், காட்சித் தொட்டி மீனின்றி இருக்க வேண்டும். ஆறு வாரங்கள் என்பது குறைந்த அளவு. கூட்டுறை 72 நாட்கள் வரை உயிர்ப்புடன் இருந்ததும் ஆய்வில் காணப்பட்டிருப்பதால், பதினோரு வாரங்கள் காத்திருப்பதே நன்று.

பாக்டீரியப் புண்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தாமே வாங்கி நீரில் கொட்டுவது தவிர்க்கப்பட வேண்டும். அவை வடிகட்டியின் நற்பாக்டீரியங்களையும் அழித்து அமோனியாவைப் பெருக்கும். மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். மீன் தொட்டியிலுள்ள மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்னும் கிருமி, கையிலுள்ள காயத்தின் வழியே மனிதரையும் தொற்றக்கூடியது. கையுறை அணிவது நல்லது.

வருமுன் காத்தல்

நெடும்பயணத்தில் மூடிய பைக்குள் கரியமில வாயு பெருகி, நீரின் கார நிலை தாழ்கிறது. அதனால் சேர்ந்துள்ள அமோனியா பெரிதும் நச்சற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்து தொட்டி நீரைச் சிறிது சிறிதாக நெடுநேரம் ஊற்றினால், கார நிலை உயர்ந்து அதே அமோனியா நச்சாகிவிடும். எனவே தனித்தொட்டியின் உப்புத்தன்மையைப் பை நீருக்கு இணையாக முன்பே அமைத்து, வெப்பத்தைச் சமன்செய்து, பை நீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் மாற்றுவது முறை. புதிய மீனை முப்பது நாட்கள் தனித்து வைத்த பின்னரே காட்சித் தொட்டியில் விட வேண்டும்.

பொது நிறுவனங்களின் பங்கு

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. பொரிப்பக மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. பாறையிலிருந்து ஒரு மீன் குறைவதையும் அது தடுக்கிறது. 1986-இல் மன்னார் வளைகுடாவில் கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2001-இல் கடற்குதிரைகளும் பவளங்களும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனவே எதை வளர்க்கலாகாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கியது. புனே வட்டாரத்திற்கு அண்மையில், மும்பையில், 1961-இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் உள்ளது. ஆயினும், நோயுற்ற மீன் மலைத்தொடரைக் கடந்து ஆய்வகம் சென்று சேரும்வரை பிழைத்திருப்பது அரிது. உள்நாட்டு நகரங்களிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைகளும் மாவட்ட மீன்வள அலுவலகங்களும், ஒரு நுண்ணோக்கியும் நீர்ச் சோதனைக் கருவியும் கொண்டு முதல்நிலை ஆய்வு வசதி அளிக்க இயலும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை; பயிற்சியே தேவை. நீரைச் சோதித்து, நோயை அறிந்து, அதன் பின்னரே மருந்திடும் வழக்கம் வேரூன்றினால், கடலுக்குத் தொலைவிலுள்ள ஊரிலும் கடல் மீன் நலமாக வாழும். பவளப்பாறையின் வளமும் காக்கப்படும்.