விற்பனையும் விழா ஏற்பாடும்: நம் பிள்ளைகள் கற்க வேண்டிய இரண்டு தொழில்கள்



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு, வேலை கேட்டு வரும் மனுக்களும் இப்போது சேர்ந்துகொண்டன. பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். "ஏதாவது ஆபீஸ் வேலை இருந்தா சொல்லுங்க" என்பதே பெரும்பாலோரின் கோரிக்கை. விற்பனை வேலை இருக்கிறது என்றால் உடன் வந்த அத்தாவின் முகம் சுருங்கிவிடுகிறது. "படிச்சுட்டு பையைத் தூக்கிட்டு அலையணுமா பாய்?" என்கிறார். விழா ஏற்பாட்டு நிறுவனத்தில் ஆள் கேட்கிறார்கள் என்றால், "பந்தியில பரிமாறுற வேலைதானே?" என்று கேட்கிறார்.

இந்த இரண்டு தொழில்களையும் பற்றியதே இம்மாதப் பாடம். நம் ஊருக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு என்ன, இவற்றில் வளர்வது எப்படி, ஏமாறாமல் சேர்வது எப்படி என்பதை வரிசையாகப் பார்ப்போம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

1. சந்தையைக் கேட்ட ஸஹாபி

மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்தவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). அவரைச் சகோதரராக ஏற்ற ஸஃது பின் ரபீஉ (ரலி), தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அவரோ அந்தக் குடும்பத்துக்கும் செல்வத்துக்கும் பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். முதல் நாள் கொஞ்சம் நெய்யும் உலர்ந்த பாலாடைக் கட்டியும் லாபமாகக் கொண்டு வந்தார். சில நாட்களில் திருமணமும் செய்தார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், ஓர் ஆட்டையாவது அறுத்து வலிமா கொடுக்கும்படி சொன்னார்கள்.

விற்பனை, விழா இரண்டும் இந்த ஒரே நிகழ்வில் இருக்கின்றன. விற்பனை அவரைப் பிறர் கையை எதிர்பாராமல் நிற்க வைத்தது. விழாவோ அவருடைய சக்திக்கு உட்பட்டதாக இருந்தது. இந்த இரண்டு விஷயங்களையும் கட்டுரை முழுவதும் மனதில் வைத்துக்கொள்வோம்.

2. நம் கண்முன் இருக்கும் சந்தை

சிலமலையிலிருந்து தினமும் காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நாம் அறிவோம். காய் எடுப்பதும் களை எடுப்பதும் நமக்குத் தெரிந்த வேலைகள். அந்தக் காய் விற்கப்படும் இடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்திய ஏலக்காயின் விலை பெரும்பாலும் இரண்டு ஊர்களில் நடக்கும் ஏலத்தில் தெரிகிறது. ஒன்று நம் போடிநாயக்கனூர், மற்றது இடுக்கி மாவட்டத்தின் புற்றடி. இரண்டும் இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடப்பவை. முன்பு குரல் கொடுத்துக் கேட்ட ஏலம் இப்போது கணினித் திரையில் நடக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் காய் ஏல நிறுவனத்தில் சேரும். எடை போட்டு, லாட் எண் கொடுத்து, மாதிரி எடுப்பார்கள். வியாபாரிகள் மாதிரியைக் கையில் பார்த்து விலை கேட்பார்கள். வாங்கிய காயை அளவு வாரியாகச் சலித்து, நிறம் பார்த்து, பொறுக்கி, டெல்லிக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் அனுப்புவார்கள்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு வேலை இருக்கிறது: மாதிரி எடுப்பவர், தரம் பார்ப்பவர், கணினியில் ஏலம் கேட்பவர், வெளியூர் வியாபாரியிடம் தொலைபேசியில் பேசி விற்பவர், சரக்கு அனுப்பிக் கணக்கு வைப்பவர். 8 மில்லிமீட்டர் காய்க்கும் 7 மில்லிமீட்டர் காய்க்கும் விலை வேறு; கரும்பச்சைக்கும் வெளிறிய காய்க்கும் விலை வேறு; ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதைப் பொறுத்தும் விலை மாறும். இதைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவர் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். காய் பொறுக்கும் அம்மாமார்கள் அறிந்ததைப் பட்டம் பெற்ற பிள்ளை அறிந்துகொண்டால், அவனே நல்ல விற்பனையாளன் ஆகிவிடுவான்.

மொழியும் ஒரு முதலீடு. மதரஸாவில் உர்தூ படித்தவருக்கு வடநாட்டு வியாபாரியின் பேச்சு பாதி புரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் பழகினால் இந்தியில் விலை பேசலாம். அரபி படித்தவருக்கு ஏலக்காய் போட்ட கஹ்வா குடிக்கும் நாடுகளின் கதவு அருகில் இருக்கிறது. அந்தச் சந்தையில் குவாத்தமாலா நாட்டுக் காய் நம் காயோடு போட்டியிடுகிறது. எனவே, நம் காயின் நிறமும் மணமும் ஏன் கூடுதல் விலைக்குத் தகும் என்று விளக்கிச் சொல்லத் தெரிந்த ஆள் தேவை.

விற்பனையும் விழாவும் சந்திக்கும் இடம் கண்காட்சி. துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் கல்ஃபுட் உணவுக் கண்காட்சி, 2023-இல் நவி மும்பையில் நடந்த உலக நறுமணப் பொருள் மாநாடு, கோவை கொடிசியா வளாகம், சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையம் எங்கும் ஸ்டால் அமைப்பவர், அதில் நின்று பேசுபவர், வந்தவர் முகவரியைக் குறித்துப் பிறகு தொடர்பு கொள்பவர் என மூவகை ஆட்கள் வேண்டும். 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு ரயிலும் ஓடுகிறது. தூரம் முன்போல் பெரிய தடை இல்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழே வந்த நாட்களும் உண்டு. விலையை நம்பிக் கமிஷனில் மட்டும் வாழ்பவர் இப்படிப்பட்ட இறக்கத்தில் தடுமாறுவார். ஆகவே முதல் சில ஆண்டுகள் நிலையான சம்பளம் உள்ள இடத்தில் தொழில் கற்பதே நல்லது.

3. விற்பனை வேலையில் சேருமுன் கேட்க வேண்டியவை

விற்பனை வேலையில் சம்பளம் இரண்டு பகுதியாக வரும்: நிலையான தொகை, இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை. நேர்முகத்தில் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

நிலையான தொகை எவ்வளவு? இலக்கு எவ்வளவு? இதே பகுதியில் முன்பு இருந்தவர் எட்டியது எவ்வளவு? பெட்ரோல் செலவு யாருடையது? கடைக்காரர் பணம் தராவிட்டால் அது என் சம்பளத்தில் பிடிக்கப்படுமா? நியமனக் கடிதம் உண்டா? வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் உண்டா?

பெட்ரோல் கேள்வியைச் சிறியதாக நினைக்க வேண்டாம். உதாரணத்துக்கு, மாதம் 15,000 ரூபாய் என்கிறார்கள், பெட்ரோல் உங்களுடையது. தினம் 60 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 1.2 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 120 ரூபாய், 25 நாளைக்கு 3,000 ரூபாய். உங்கள் உண்மையான சம்பளம் 12,000 ரூபாய். பெட்ரோலும் தந்து 13,000 ரூபாய் கொடுக்கும் இடம் இதைவிட மேல்.

ஜவுளிக் கடை, நகைக் கடை, வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் ஒரு சட்டத்தையும் அறிய வேண்டும். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் தமிழ்நாடு அரசு செய்த திருத்தத்தின்படி, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை கொடுக்க வேண்டியது கடை முதலாளியின் கடமை. நம் சமுதாயத்துக் கடை முதலாளிகளும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

சேர்ந்த பிறகு வளர்ச்சி தருவது நாக்கு வன்மை மட்டும் அல்ல. ஒரு நோட்டு போதும். யாரைப் பார்த்தேன், என்ன கேட்டார், என்ன தயக்கம் சொன்னார், எந்த நாள் மறுபடி வருவதாகச் சொன்னேன் என்று நான்கு பத்தியாக எழுதுங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள். வேண்டாம் என்றவரிடமும் முகம் மாறாமல் ஸலாமோ வணக்கமோ சொல்லி வாருங்கள். இரண்டு ஆண்டு இப்படி நடந்தவரைக் கடைக்காரர்களே அடுத்த நிறுவனத்துக்குப் பரிந்துரைப்பார்கள்.

4. விழா ஏற்பாடு என்பது கணக்கு வேலை

வெளியிலிருந்து பார்த்தால் பந்தலும் விளக்கும் பிரியாணி மணமும் தெரியும். உள்ளே இருப்பது நேரமும் எண்ணிக்கையும்தான். ஒரு வலிமாவை எடுத்துக்கொள்வோம். 500 பேர் வருகிறார்கள், மண்டபத்தில் ஒரு பந்திக்கு 100 பேர் உட்காரலாம். சாப்பிடவும் சுத்தம் செய்யவும் ஒரு பந்திக்கு அரை மணி நேரம் என்றால், ஐந்து பந்திக்கு இரண்டரை மணி நேரம். லுஹர் ஜமாஅத் முடிந்து தொடங்கினால் அஸருக்குள் முடியுமா? முடியாது என்றால் இருக்கையைக் கூட்ட வேண்டும் அல்லது பெண்கள் பகுதியில் தனிப் பந்தி நடத்த வேண்டும். பண்டாரி எப்போது அடுப்பு மூட்ட வேண்டும், தண்ணீர் எப்போது வந்து சேர வேண்டும், மண்டபத்துச் சாவி யாரிடம் என்பதெல்லாம் இதிலிருந்து பின்னோக்கி எண்ணி வருபவை. இதை ஒரு தாளில் எழுதத் தெரிந்தவர் பரிமாறும் ஆளாக நின்றுவிட மாட்டார். சீக்கிரமே மேற்பார்வையாளர் ஆவார்.

இத்தொழிலுக்குப் பருவமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் இந்துச் சகோதரர்கள் வீட்டுத் திருமணங்கள் இருக்காது. ரமளானில் நம் வீடுகளில் இருக்காது. ஹிஜ்ரி ஆண்டு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதால், இரண்டு இடைவெளிகளும் சில ஆண்டுகள் தள்ளியும் சில ஆண்டுகள் சேர்ந்தும் அமையும். இரண்டு நாட்காட்டிகளையும் சுவரில் மாட்டி வைப்பவருக்கு எந்த மாதம் கை வறளும் என்று முன்பே தெரியும். அந்த மாதங்களுக்குப் பள்ளி ஆண்டு விழா, நிறுவனக் கூட்டம், கடை திறப்பு விழா, இஃப்தார் ஏற்பாடு என்று தேடிப் பிடிக்கலாம்.

தொடங்க முதலீடு அதிகம் வேண்டாம். கல்லூரி விடுமுறையில் கேட்டரிங் வேலைக்குப் போங்கள். வாடகைப் பாத்திரக் கடையிலோ சவுண்ட் சர்வீஸிலோ ஓராண்டு இருங்கள். எத்தனை அண்டா போனது, எத்தனை திரும்பியது என்று எழுதும் பழக்கம் அங்கேதான் வரும். பிறகு சொந்தமாகச் செய்யும்போது உதயம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசின் இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. சமைத்துக் கொடுப்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும்.

சகோதரிகளுக்கு இதில் தனி இடம் இருக்கிறது. மணப்பெண் அலங்காரம், மருதாணி, பெண்கள் பகுதியில் படம் எடுப்பது, பரிமாறுவது, குழந்தைகளைக் கவனிப்பது என எல்லாவற்றையும் பெண்களே நடத்தும் ஒரு குழுவைப் பல குடும்பங்கள் தேடுகின்றன. நான்கு சகோதரிகள் சேர்ந்தால் ஒரு குழு. கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதி, பங்கை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

5. எங்கே தேடுவது

தேனியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் பதிவு செய்து, தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களின் தேதியைக் கேளுங்கள். அரசின் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையதளத்தில் பதிவு செய்யலாம். கல்லூரியில் படிப்போர் 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகளைத் தவறவிட வேண்டாம். போடி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற இடங்களில் படித்தவர்கள், தங்களுக்கு முன் படித்து இப்போது வியாபாரத்தில் இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். முதலிலேயே வேலை கேட்காதீர்கள். "இந்தத் தொழிலில் புதியவர் எதைக் கற்க வேண்டும்?" என்று கேளுங்கள். அந்தப் பேச்சில் பல வேலைகள் பிறக்கும்.

6. ஏமாறாமல் இருக்க

வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். ஆள் சேர்த்தால் கமிஷன், அவர் ஆள் சேர்த்தால் அதிலும் கமிஷன் என்ற சங்கிலி வியாபாரம் விற்பனையே அல்ல. நேரடி விற்பனை குறித்து மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிகள் இத்தகைய பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. ஒரு கேள்வி போதும்: புதிதாக யாரும் சேராவிட்டாலும் இந்தப் பொருளை மக்கள் இதே விலைக்கு வாங்குவார்களா? இல்லை என்றால் விலகிவிடுங்கள். இதில் சிக்கும் பிள்ளை தன் பணத்தோடு, நம்பிப் பணம் போட்ட மாமி, சாச்சா, நண்பர்களின் உறவையும் இழக்கிறான்.

7. அமானிதமே மூலதனம்

மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மேலே பெரிய காயும் கீழே வெடித்த காயும் போட்ட மூட்டைக்கும், சாயம் ஏற்றிய பச்சைக்கும் இது அப்படியே பொருந்தும். விழா ஏற்பாட்டாளருக்கும் பொருந்தும். கூடுதல் மேடை, கூடுதல் அலங்காரம் என்று சொல்லி, ஒரு தகப்பனைக் கடனில் தள்ளிச் சம்பாதிப்பது லாபம் ஆகாது. "உங்கள் தொகைக்கு இவ்வளவு போதும்" என்று சொல்பவரிடமே அடுத்த மகளின் திருமணத்துக்கும் அந்தக் குடும்பம் வரும்.

குடும்பத்தில் கலந்து பேச

1. நம் வீட்டில் யாருக்குப் பேசுவதில் விருப்பம், யாருக்குக் கணக்கில் விருப்பம்?
2. விற்பனை வேலையை நாம் தாழ்வாகப் பேசுவது பிள்ளைகளின் காதில் விழுகிறதா?
3. நம் உறவில் வியாபாரத்தில் இருக்கும் யாரை இந்த மாதம் போய்ப் பார்க்கலாம்?
4. நம் வீட்டின் அடுத்த விழாவுக்கு நம் மஹல்லாவின் இளைஞருக்கோ சகோதரிகளுக்கோ எந்த வேலையைக் கொடுக்கலாம்?

நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகள் நியமனக் கடிதத்தைப் படித்துப் பார்க்க உதவி வேண்டுமென்றால் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத் நிறைந்த வாழ்வாதாரத்தைத் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்