நாட்காட்டி முகங்களும் எதிர்ப்புப் பார்வையும்

நுழையும்முன்

வீட்டுச் சுவரில் தொங்கும் படம், அழகு எதுவென்று நமக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அந்த அழகிற்கு இலக்கணம் வகுத்தவர் யார்? அதில் இடம்பெறாதவர் யார்? இவ்வினாக்களை எழுப்புகிறது இப்பாடம்.

அச்சில் பிறந்த முகம்

1923ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் தொடங்கினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண ஒட்டுத்தாள்கள் தேவைப்பட்டன. அத்தேவையோடு அச்சுத்தொழிலும் வளர்ந்தது. சிவகாசி நாட்காட்டிகள் நாடெங்கும் சென்றன. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு போன்றோர் வரைந்த தெய்வப் படங்கள் எளியோர் இல்லங்களிலும் இடம்பெற்றன.

இப்படங்களுக்கு முன்னோடி, ராஜா ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகம். அதன் வழிவந்த ஒளிரும் செந்நிற முகங்களையும் நகை ஒப்பனையையும், 1987இல் தூர்தர்ஷனில் தொடங்கிய இராமாயணத் தொடரிலும் மக்கள் கண்டனர். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பானது. பெற்றோர் தம் இளமையை அதில் மீட்டெடுத்தனர். இவ்வுணர்வே நினைவேக்கம்.

பார்ப்பவரின் உரிமை

நினைவேக்கம் இனியது, ஆயினும் அது கேள்வி கேட்பதில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ், 1992இல் வெளியான தம் கட்டுரையில் ‘எதிர்ப்புப் பார்வை’ என்னும் கருத்தை முன்வைத்தார். அடிமைமுறைக் காலத்தில் கறுப்பினத்தவர் வெள்ளையரை ஏறிட்டுப் பார்ப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. எனவே, திரையை உற்றுநோக்கி, “இதில் நான் எங்கே?” என வினவுவதும் விடுதலைச் செயலே என்பது அவர் கருத்தின் சாரம்.

மறுபடியும் வரைந்த படங்கள்

இவ்வினாவைப் பழைய படங்களுக்குள்ளேயே எழுப்பியவர் பெங்களூருக் கலைஞர் ந. புஷ்பமாலா. ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து, 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஒளிப்படத் தொகுதியை அவர் உருவாக்கினார். ரவிவர்மாவின் இலக்குமியாக அவரே வேடம் புனைந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தமான் பழங்குடியினரைக் கட்டமிட்ட பலகையின் முன் நிறுத்தி, உடலை அளந்து எடுத்த ஒளிப்படத்தையும் அவர் நடித்துக் காட்டினார். ஒன்று வணங்கப்படும் பெண். மற்றொன்று அளக்கப்படும் பெண். இருவருமே பிறர் பார்வைக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்பதை, அவ்விரு படங்களையும் அருகருகே காண்போர் உணர்வர்.

சென்னையில் 2017இல் பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நிலும் உருவாக்கிய படவரிசையில் இலக்குமி, சீதை உள்ளிட்டோர் கருநிறத்தில் தோன்றினர். நாட்காட்டியின் அமைப்பு மாறவில்லை; நிறம் மட்டுமே மாறியது. அம்மாற்றமே பார்ப்போரை நின்று சிந்திக்க வைத்தது.

இது தமிழுக்குப் புதிதன்று. முல்லை நிலத் தெய்வத்தின் பெயர் மாயோன். அதன் பொருள் கருநிறத்தோன். சங்கப் புலவர்கள் தலைவியின் மாந்தளிர் நிறத்தை மாமை எனப் போற்றினர். சிவந்த நிறமே அழகு என்பது என்றுமுள்ள உண்மையன்று.

ஒட்டுத்தாளும் கைகளும்

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலே பலரின் வாழ்வாதாரம். திரி செருகுதல், சரம் பின்னுதல், பெட்டியில் அடுக்குதல் எனப் பெண்கள் பலர் உழைக்கின்றனர். வெடிவிபத்து நேரும்போது உயிரிழப்போரிலும் அவர்கள் உள்ளனர். பெட்டியின்மேல் சிரிக்கும் முகத்திற்கும் அப்பெட்டியை மடிக்கும் பெண்ணின் முகத்திற்கும் இடையே உள்ள தொலைவைக் காண்பதே எதிர்ப்புப் பார்வை. பழைய படங்களை நேசிப்பதில் தவறில்லை. அவற்றில் விடுபட்டவரையும் தேடிக் காணும்போது அந்நேசம் முழுமை பெறும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலுள்ள நாட்காட்டிப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் இடம்பெற்றோர், இடம்பெறாதோர் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.