கறவை மாட்டுத் தீவனத்தில் நஞ்சு கலக்காதிருக்க

1. உரம், பூச்சிமருந்து, எலிமருந்து எதையும் தீவன அறையில் வைக்காதீர்கள். 'ரெண்டு நாளைக்குத்தானே' என்று மூலையில் சாத்தி வைப்பதும் வேண்டாம். 1973-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடுக்குப் பதிலாக, பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்காமலிருக்க அப்போது கலந்துவந்த பி.பி.பி. என்ற ரசாயன மூட்டைகள் தீவன ஆலைக்குப் போய்விட்டன. இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு. பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. மாடுகள் தீனி எடுக்கவில்லை, பால் வற்றியது, குளம்பு கோணலாக நீண்டது. காரணம் 1974-இல்தான் தெரிந்தது. சுமார் 30,000 மாடுகளைக் கொன்று புதைத்தார்கள். அதற்குள் அந்தப் பாலை எத்தனையோ வீடுகளில் குடித்திருந்தார்கள்.

2. மூட்டையைப் பிரிக்கும் முன் லேபிளைப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி எடுத்துத் தேதி எழுதிக் கட்டி வைத்தால், பின்னால் பரிசோதனைக்கு உதவும்.

3. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடுவோர் நிறைய. வெயிலில் பூஞ்சணம் சாகலாம். அது விட்டுப்போன அஃப்ளடாக்சின் நஞ்சு போகாது. மாட்டின் கல்லீரல் கெடும், கறவை குறையும். நஞ்சில் ஒரு பங்கு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. காசு போனால் போகட்டும், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நல்ல புண்ணாக்கைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள்.

4. மருந்தடித்த வயலின் வரப்புப் புல்லும் மருந்துதான். எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று மருந்து லேபிளில் பாருங்கள்.

5. எச்சில் ஒழுகி, கண்ணீர் வடிந்து, கழிச்சலோடு உடம்பு நடுங்கினால் பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். மருத்துவர் வரும்போது மருந்து டப்பாவைக் காட்டுங்கள். மாற்று மருந்தைத் தீர்மானிக்க அது வேண்டும். அதுவரை எண்ணெய், மோர் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

6. வைக்கோலை யூரியா தெளித்துப் பதப்படுத்துவோர் 100 கிலோவுக்கு 4 கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்று வாரம் மூடி வைத்து, நெடி போக உதறி ஆறவிட்டுப் போடுங்கள். கரைத்த வாளியைத் தொழுவத்தில் விட்டுவிடாதீர்கள். ஒரே மூச்சில் குடித்த மாடு சில மணி நேரத்தில் செத்துவிடும்.

7. காலி மருந்து டப்பாவில் கழுநீர் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

8. காலை, மாலை பாலளவை எழுதி வாருங்கள். காய்ச்சலோ மடிநோயோ இல்லாமல் எல்லா மாட்டுக்கும் ஒருசேரப் பால் குறைந்தால் முதலில் அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள். சந்தேகம் தீரும்வரை பாலை சொசைட்டியில் ஊற்றாதீர்கள், கன்றையும் ஊட்டவிடாதீர்கள்.